கொட்டாங்குச்சிக்குள்ளே ஒரு தஞ்சாவூர்!

தஞ்சாவூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெரிய கோயில், தலையாட்டி பொம்மை, தட்டு, ஓவியம்... எனக்கு எட்டு மாசமா ஞாபகம் வந்தது ஒண்ணே ஒண்ணுதான். ஆஸ்பத்திரி டோக்கன்!

பாபநாசத்தில் பாசஞ்சர் ஏறினா அரை மணி, முக்கால் மணியில் தஞ்சாவூர். ஜன்னலுக்கு வெளியே வயல், வாழை, அய்யம்பேட்டை ஸ்டேஷன்னு எல்லாம் அழகாத்தான் ஓடும். எதையும் பார்க்கிற மனசு எங்க வீட்டில் யாருக்கும் இல்லை. மடியில் ஃபைல். பக்கத்தில் தாத்தா. இடது கையைத் தூக்கி வேட்டி மேல வெச்சிட்டு, அது வேற யாரோட கையோங்கிற மாதிரி அதையே பார்த்துட்டு வருவார்.

தாத்தா நாற்பது வருஷம் சைக்கிள் கடை நடத்தினவர். பஞ்சர் ஒட்டின கை, வீல் பெண்டு எடுத்த கை. எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு விடியற்காலை காபி டம்ளர் அந்தக் கையிலிருந்து நழுவினது. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறினது. 'ராத்திரி காத்து பட்டிருக்கும், படுத்தா சரியாயிடும்'னு அவரே சொல்லிட்டுப் படுத்துட்டார். நாங்களும் நம்பினோம். பக்கவாதம்னு தெரிஞ்சு கிளம்பறதுக்குள்ளே மத்தியானம் ஆயிடுச்சு.

ரத்தக்குழாயில் அடைப்புன்னா, அதைக் கரைக்கிற ஊசியைப் பொதுவா நாலரை மணி நேரத்துக்குள்ளே போடணுமாம். நாங்க அதைத் தாண்டிட்டோம். இதை நான் எழுதறதே உங்களுக்காகத்தான் ஃப்ரெண்ட்ஸ். முகம் கோணுதா, கை தளருதா, பேச்சு குழறுதா... யோசிக்காம 108-க்கு போன் அடிச்சிடுங்க. தூங்கி எழுந்தா சரியாகிற சமாச்சாரம் இல்லை அது!

அப்புறம் பிசியோதெரபி. ரப்பர் பந்தை அமுக்கணும், விரல்களை ஒண்ணொண்ணா மடக்கணும். தாத்தா பந்தைத் தூக்கி மூலையில் போட்டார். 'நான் என்ன கைக்குழந்தையா?'ன்னு கோபம். அப்பா கெஞ்சினார், அம்மா கெஞ்சினாங்க. நான் திருச்சி ஹாஸ்டலிலிருந்து வாரா வாரம் வந்து கெஞ்சினேன். ம்ஹூம்!

கடைசியா போன செக்கப்பில்தான் டாக்டர் சிரிச்சார். 'ஸ்கேன் நல்லா இருக்கு. நடை நல்லா இருக்கு. இனிமே ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்'னார். அதோடு, 'விரலுக்கு மட்டும் ஏதாவது வேலை கொடுங்க பெரியவரே'ன்னும் சொன்னார். வெளியே வந்து அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. 'மாமா, என்ன சாப்பிடறீங்க?'ன்னு கேட்டாங்க.

தாத்தா சாப்பாடு கேட்கலை. 'வீணை செய்யற இடம் பார்க்கணும். அம்பது வருஷமா இந்த ஊருக்கு வந்து போறேன், பார்த்ததே இல்லை'ன்னார்.

பலா மரமும் மெழுகும்

கேட்டுக் கேட்டு ஒரு சந்துக்குள்ளே போனோம். போர்டு எதுவும் இல்லை. சத்தம்தான் அட்ரஸ். 'டொக்... டொக்'னு உளி விழற சத்தம். திண்ணை முழுக்க மஞ்சள் மரத்தூள். அறுபது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர் தாத்தாவின் நடையைப் பார்த்ததுமே, 'வாங்கண்ணே, இப்படி உக்காருங்க'ன்னு முக்காலியைத் தட்டிப் போட்டார்.

சுத்திலும் பாதி பிறந்த வீணைகள். தலை இல்லாத குடம், குடம் இல்லாத தண்டி, வாயைப் பிளந்துக்கிட்டு காத்திருக்கிற யாளித் தலை! எல்லாமே பலா மரம். பண்ருட்டிப் பக்கத்து பலாவுக்குத்தான் மவுசு. முப்பது, நாற்பது வயசு மரமா இருக்கணும், ஈரம் முழுசா காயணும். குடத்தைக் குடைஞ்சு குடைஞ்சு மெல்லிசாக்கறாங்க. ஓரத்தில் தட்டிப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி குடையறாங்க. மொத்த வீணையும் ஒரே மரத்தில் செதுக்கினா 'ஏகாந்த வீணை'. குடம், தண்டி, யாளின்னு தனித்தனியா செஞ்சு ஒட்டினா 'ஒட்டு வீணை'.

இன்னிக்கு நாம பார்க்கிற 24 மெட்டு வீணைக்கு வடிவம் கிடைச்சது 17-ம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் தஞ்சாவூரை ஆண்ட காலத்தில்னு சொல்வாங்க. 2013-ல் தஞ்சாவூர் வீணைக்கு புவிசார் குறியீடும் கிடைச்சது. மொத்தம் ஏழு கம்பி. வாசிக்க நாலு, தாளத்துக்கு மூணு. இதெல்லாம் நெட்டிலேயே கிடைக்கும். நெட்டில் கிடைக்காதது ஒண்ணு அங்கே நடந்துட்டிருந்தது.

மேளம் கட்டறது!

தேன்மெழுகையும் கரித்தூளையும் கலந்து சூடு பண்ணி, தண்டி மேல ரெண்டு வரப்பு மாதிரி போட்டிருந்தாங்க. அது மேலதான் பித்தளை மெட்டுகள் உக்காரணும். பெரியவர் ஒரு மெட்டை வைப்பார், கம்பியை மீட்டுவார், கண்ணை மூடுவார், நூலளவு நகர்த்துவார். மறுபடி மீட்டுவார். இதே மாதிரி 24 மெட்டு!

எனக்குள்ளே இருந்த இன்ஜினீயர் சும்மா இருப்பானா? 'ஐயா, இதுக்கு ஃபார்முலா இருக்கு. ஒரு ஸ்தாயிக்கு பன்னிரண்டு ஸ்வரம். கம்பி நீளத்தை ஒவ்வொரு மெட்டுக்கும் 1.0595-ஆல வகுத்துட்டே போனா இடம் கரெக்டா வந்துடும். கால்குலேட்டர் இருந்தா அஞ்சு நிமிஷ வேலை'ன்னேன்.

அவர் கோபப்படலை. 'தம்பி, உங்க கணக்குப்படி ஒரு மெட்டை வையுங்க'ன்னு ஸ்கேலைக் கொடுத்தார். அளந்து வெச்சேன். அவர் கம்பியை அழுத்தி மீட்டினார். எனக்கு சரியாத்தான் கேட்டது. 'தூக்கலா இருக்கே'ன்னது தாத்தா குரல்! பெரியவர் திரும்பி தாத்தாவைப் பார்த்தார்.

'அண்ணனுக்கு காது இருக்கு'ன்னவர், என் பக்கம் திரும்பினார். 'கம்பியை அழுத்தினா அது கொஞ்சம் இழுபடும் தம்பி. இழுபட்டா சுருதி ஏறும். அந்த ஏத்தம் ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு மாதிரி. அதை உங்க கணக்கில் சேர்த்தீங்களா?'

சேர்க்கலை. கம்பியின் இழுவிசை கூடினா அதிர்வெண் கூடும்னு ப்ளஸ் டூவில் எழுதி ஃபுல் மார்க் வாங்கினவன் நான். அழுத்தற விரலும் இழுவிசையைக் கூட்டும்னு அன்னிக்கு வரைக்கும் தோணவே இல்லை!

கிளம்பும்போது பெரியவர் தாத்தாவின் இடது கையைப் பிடிச்சு, முடிஞ்ச ஒரு வீணையின் மெட்டு மேல வெச்சார். ஆள்காட்டி விரல் நடுங்கினது. அவரே இன்னொரு கையால் மீட்டினார். சுமாரான ஒரு நாதம். தாத்தா கையை எடுக்கவே இல்லை.

ஸ்கேன் ஃபிலிமில் ஒரு வயலின்

திரும்பற ரயிலில் தாத்தா திடீர்னு, 'வீட்டில் தேங்காய் இருக்காம்மா?'ன்னு கேட்டார்.

எனக்கு உடனே புரிஞ்சது. கோயில் திருவிழாவில் பார்த்திருப்பீங்களே, கொட்டாங்குச்சி வயலின்? வாசிச்சுக்கிட்டே ஒருத்தர் விப்பார். அவர் கையில் சினிமா பாட்டு அட்டகாசமா வரும். நாம வாங்கி வீட்டுக்கு வந்தா 'கீய்... கீய்'னு மட்டும்தான் வரும்! எங்க தெருவில் அதைக் காசு கொடுத்து வாங்கினதே இல்லை. தாத்தா கடையிலேயே செஞ்சு கொடுப்பார். ரெண்டாம் கிளாஸில் எனக்கும் ஒண்ணு கிடைச்சது.

அடுத்த சனிக்கிழமை ஆரம்பிச்சோம். தாத்தா சீஃப் இன்ஜினீயர், நான் கூலி. முத்தின தேங்காயை ஹேக்சா பிளேடால் முக்கால் பங்கில் அறுத்து, உப்புத்தாளால் தேய்ச்சேன். மூங்கில் குச்சி நுழைய ரெண்டு பக்கமும் ஓட்டை போடணும். டிரில்லிங் மெஷினை வெச்சேன். 'டப்!' கொட்டாங்குச்சி ரெண்டாப் பிளந்தது. 'கம்பியைப் பழுக்கக் காய்ச்சி சுடுடா'ன்னார் தாத்தா. சுட்டேன். அழகா வட்டமா ஓட்டை. இன்ஜினீயரிங் காலேஜ் 0, சைக்கிள் கடை 1.

கம்பிக்கு சைக்கிள் பிரேக் கேபிளைப் பிரிச்சு ஒரு இழை. முறுக்கேத்த, கேபிளைக் கவ்விப் பிடிக்கிற ஓட்டை போட்ட பழைய பிரேக் போல்ட். குதிரைக்கு ஐஸ் குச்சி. எல்லாம் ரெடி. கொட்டாங்குச்சியின் வாயை மூடத்தான் ஒண்ணும் சரியா அமையலை. பேப்பர் கிழிஞ்சது. பலூன் தொளதொளன்னு ஆச்சு.

அப்போதான் அலமாரியிலிருந்த அந்தப் பெரிய கவரைத் தாத்தா காட்டினார். முதல் நாள் எடுத்த சி.டி. ஸ்கேன்!

அம்மா பதறிட்டாங்க. 'வேணாம் மாமா, அது என்ன நல்ல சகுனமா? அதைப் பார்த்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது.' அப்பாவும் தயங்கினார். தாத்தா நிதானமா, 'டாக்டர்கிட்டேயே கேளுடா. அவர் கம்ப்யூட்டரில் இருக்குதாம்ல?'ன்னார். போன் பண்ணிக் கேட்டேன். புது ஸ்கேன் இருக்கு, பழைய ஃபிலிம் தேவைப்படாதுன்னு சொல்லிட்டாங்க.

டிரம்முக்கு மேல போடற பிளாஸ்டிக் தோல் இருக்கே, அது பாலியெஸ்டர். ஸ்கேன் ஃபிலிமும் அதே பாலியெஸ்டர்தான்! ஒரே ஷீட்டில் வரிசை வரிசையா தாத்தாவின் மூளை. அதில் ஒரு வட்டம் வெட்டினோம். ஓரத்தை உப்புத்தாளால் சுரண்டி, அரால்டைட் தடவி ஒட்டி, சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிக் கட்டினோம். கட்டினது தாத்தா. வலது கை சுத்த, இடது கை பிடிச்சுக்கிட்டது. ரப்பர் பந்தைப் பிடிக்காத அதே கை!

மறுநாள் தூண்டில் நரம்பு கட்டின வில்லை வெச்சு இழுத்தா... சத்தமே இல்லை. வழுக்கிட்டுப் போகுது. ரோசின் தடவினாத்தான் வில் கம்பியைக் கவ்வி இழுக்கும். பாபநாசத்தில் ஞாயிற்றுக்கிழமை ரோசினுக்கு எங்கே போறது? சட்டுனு பொறி தட்டினது. நான் படிக்கிறது இ.சி.இ. பையில் சால்டரிங் கிட் இருக்கு. அதிலே இருக்கிற ஃபிளக்ஸ் கட்டி என்ன? பைன் மரத்துப் பிசின். அதாவது, ரோசினேதான்! தேய்ச்சு இழுத்தேன். 'கீய்ய்ய்...' தெரு நாய் குரைச்சது. இன்ஜினீயரிங் காலேஜ் 1!

அதிரும் கம்பி 36 செ.மீ. பாதியில் மேல் ஸட்ஜம், அதாவது 18. மூணில் ரெண்டு பங்கில் பஞ்சமம், 24. நாலில் மூணு பங்கில் மத்யமம், 27. குதிரையிலிருந்து அளந்து, குச்சியில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். தாத்தா விரலை வெச்சு இழுத்தார். முகம் சுளிச்சார். விரலை ஒரு அரிசி அளவு பிரடைப் பக்கமா நகர்த்தினார். 'இப்ப சரி.' தஞ்சாவூர் பெரியவர் சொன்ன அதே இழுபாடு. என் கோடுகளைத் துடைச்சிட்டேன்.

பாயசம் வித் பஞ்சமம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டில் விருந்து. பேனர் இல்லை, கேக் இல்லை. தாத்தாவுக்குச் சரியானதுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரங்க, பழைய கடை கஸ்டமர்கள், அவர்கிட்டே வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டக் கத்துக்கிட்டு இப்போ நரைச்சுப்போன 'பசங்க'ன்னு முப்பது பேர். வடை, பாயசம். தாத்தாவுக்கு மட்டும் உப்பு கம்மி சாம்பார்.

சாப்பாடு முடிஞ்சு தாத்தா வயலினை எடுத்தார். ஒரு பழைய சினிமா பாட்டு. என்ன பாட்டுன்னு கண்டுபிடிக்கவே எல்லோருக்கும் ரெண்டு நிமிஷம் ஆச்சு! மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் சொன்ன பேச்சு கேட்கலை. ரெண்டு விரலிலேயே ஓட்டினார். நடுவில் ரெண்டு தடவை அபஸ்வரம். அவரே நிறுத்தி, 'இருங்க இருங்க'ன்னு திரும்ப ஆரம்பிச்சார். முதல்ல கண்டுபிடிச்சது, சகுனம் பார்த்த அம்மா. சமையல்கட்டு வாசலில் நின்னு மெதுவா பாட ஆரம்பிச்சாங்க. அவங்க பாடி நான் கேட்டதே இல்லை.

வயலின்தான் தாத்தா கையை சரி பண்ணினதுன்னு சொல்ல மாட்டேன். மாத்திரை, டாக்டர், எட்டு மாசம், அம்மாவின் கஞ்சி எல்லாம் சேர்ந்துதான் பண்ணினது. ஆனா, இப்போ தினமும் சாயங்காலம் அந்த விரல்கள் அரை மணி நேரம் வேலை செய்யுது. யாரும் கெஞ்சறதில்லை.

தஞ்சாவூர் போறீங்களா? பெரிய கோயிலைப் பார்த்துட்டு, அப்படியே உளிச் சத்தம் கேட்கிற சந்து ஏதாவது இருக்கான்னு காது கொடுத்துப் பாருங்க. கால்குலேட்டரைப் பைக்குள்ளேயே வெச்சுக்குங்க.

நான் ஹாஸ்டல் கிளம்பும்போது தாத்தா ஒரு லிஸ்ட் கொடுத்தார். 'ரெண்டு ஃபிளக்ஸ் கட்டி, ஒரு தேங்காய்.'

தேங்காய் எதுக்குன்னேன்.

'தஞ்சாவூர்காரருக்கு ஒண்ணு செஞ்சு கொடுக்கணும்டா. ஆறு மாசம் டயம் இருக்கு!'