கொச்சங்காடியும் கைமருந்துத் தோட்டாவும்

மட்டாஞ்சேரிக்கு வரும் அன்பர்கள் அரண்மனையின் சுவரோவியங்களையும் யூதத் தெருவின் பழம்பொருட் கடைகளையும் கண்டு களித்துத் திரும்பிவிடுவது வழக்கம். அங்கிருந்து தெற்கே சற்று நடந்தால் வரும் கொச்சங்காடியை எட்டிப் பார்ப்போர் சிலரே. நாங்களும் எங்கள் சிற்றப்பா அங்கே குடியிருக்கவில்லையென்றால் பார்த்திருக்க மாட்டோம். சென்ற ஆண்டு மார்கழியில், அமெரிக்காவிலிருந்து மகனுடன் ஊருக்கு வந்தபோது, தென்காசியில் இரண்டு நாள் தங்கிவிட்டு அவரைக் காணக் கொச்சிக்குப் புறப்பட்டோம்.

கொச்சங்காடி குறுகிய தெருக்களும் ஓட்டுக் கூரைகளும் கொண்ட பழைய குடியிருப்பு. செம்புத் தகடு வேய்ந்ததால் பெயர் பெற்ற செம்பிட்டபள்ளி என்னும் பள்ளிவாசல் இங்கேதான் இருக்கிறது. அது 1520-இல் எழுந்ததென்பர். அதற்கும் முன்னால் இங்கே யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று இருந்தது. கட்டடம் இன்று இல்லை. 1344-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கல்வெட்டு மட்டும், யூதத் தெருவிலுள்ள பரதேசி ஜெபாலயத்தின் மதிலில் பதிக்கப்பட்டிருக்கிறது. அக்கூடம் திப்புவின் போர்க்காலத்தில் அழிந்ததென்று சொல்லக் கேட்டோம். கல் ஓரிடம், ஊர் ஓரிடம்.

சிற்றப்பா இளமையில் மிளகு மண்டி ஒன்றில் மூட்டை எண்ணும் வேலைக்கு இங்கே வந்தவர். வருவதற்கு முன் எங்கள் தந்தையாருடன் சேர்ந்து ஊர்த் திருவிழாக்களில் அதிர்வேட்டுப் போட்டவர். மலையாளத்தில் அதையே கதினா என்கிறார்கள். சபரிமலை சென்ற நம் உறுப்பினர் யாவரும் காசு கொடுத்து வெடிவழிபாடு செய்திருப்பர். ஓசை கேட்டதும் கும்பிட்டிருப்பர். அந்த இரும்புக் குழாயில் மருந்தை யார் இட்டார் என்று எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். எங்கள் குடும்பத்தில் மட்டும் எண்ணாமல் இருக்க முடியாது. எங்கள் தந்தையாரின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் எங்கள் மகனின் பொழுதுபோக்கு எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. நாங்கள் வாழும் பகுதியில் 'கௌபாய்' சுடும் போட்டி மாதந்தோறும் நடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு உடை தரித்து, ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு, அக்காலத்து மாதிரி ரிவால்வராலும் ரைபிளாலும் இரும்புத் தட்டுகளைச் சுடுவார்கள். 1987-இல் தொடங்கிய சங்கமொன்று இதற்கு விதி வகுத்திருக்கிறது. தோட்டாவைக் கடையிலும் வாங்கலாம். ஆனால் ஈடுபாடு கொண்டவர்கள் சுட்ட பித்தளை உறையையே எடுத்துத் துடைத்து, புதுக் கேப்பும் மருந்தும் ஈயக் குண்டும் தாமே இட்டுக்கொள்கிறார்கள். மகனும் வீட்டுக் கார்க்கொட்டகையில் அதைத்தான் செய்கிறான்.

சிற்றப்பாவிடம் இதைச் சொல்லி, "நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டோம். அவர் திண்ணையில் அவனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, புத்தி எதுவும் சொல்லாமல் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்.

"துப்பாக்கிக்குத் துப்பாக்கி அளவு வேறா தம்பி, எல்லாவற்றுக்கும் ஒன்றா?"

"வேறுதான் சின்னத் தாத்தா. ஆனால் நான் ரிவால்வருக்கும் ரைபிளுக்கும் ஒரே தோட்டா வைத்திருக்கிறேன். அவசரத்தில் மாறிப்போகாது."

இந்த வழக்கம் புதிதன்று என்று மகன் விளக்கினான். 1873-இல் வந்த வின்செஸ்டர் ரைபிளின் நாற்பத்துநான்கு-நாற்பது என்னும் தோட்டாவுக்கே கோல்ட் நிறுவனம் 1878-இல் தன் ரிவால்வரையும் செய்து தந்ததாம். குதிரைமேல் போகிறவனுக்கு இடுப்பில் ஒரே வகைத் தோட்டா போதும். பெயரிலுள்ள நாற்பது, கரிமருந்தின் எடை. நாற்பது கிரெயின், அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிராம். இன்று பலர் விலையும் உதைப்பும் குறைந்த முப்பத்தெட்டு ஸ்பெஷலையே விரும்புகிறார்களாம்.

குண்டைத் தேர்வதிலும் ஒரு நுட்பம் உண்டு. அந்த ரைபிளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னுள்ள குண்டின் மூக்கு முன்னுள்ளதன் கேப்பில் இடிக்கும். மூக்கு கூராயிருந்தால் உதைப்பில் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடக்கூடும். ஆகவே தட்டை மூக்குக் குண்டே வேண்டும். தட்டில் பட்டுத் தெறிக்காமல் நசுங்கும்படி அது ஈயமாகவும் இருக்க வேண்டும். வேகத்துக்கும் வரம்பு உண்டு: ரிவால்வரில் வினாடிக்கு ஆயிரம் அடியும், ரைபிளில் ஆயிரத்து நானூறு அடியும் தாண்டலாகாது. மெல்லச் சுடுவதே அங்கே மரியாதை.

சிற்றப்பாவுக்குப் பிடித்துப்போன செய்தி வேறு. பழைய துப்பாக்கிகள் புகைமிகும் கரிமருந்துக்கென்று செய்யப்பட்டவை. 1884-இல் பிரான்சில் புகையில்லா மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அது சிறிதளவிலேயே பெரும் அழுத்தம் தருவது. அதைப் பழைய இரும்பில் நிறைத்தால் குழல் பிளந்துவிடும். இன்று செய்யும் மாதிரித் துப்பாக்கிகள் தாங்கும் என்றாலும், கரிமருந்து நிறைந்து நின்ற பெரிய உறையில் புது மருந்து அடியில் கொஞ்சமாகக் கிடப்பதால், மறதியாய் இரண்டு முறை இட்டாலும் வழியாது. கண் ஏமாறும்.

"பின் எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

மகன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். மரப்பலகைக் குழிகளில் ஐம்பது பித்தளை உறைகள் வாய் திறந்து நின்றன. குண்டு பொருத்துமுன் விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றினுள்ளும் மருந்தின் மட்டம் பார்ப்பானாம். சிற்றப்பா அப்படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். "உன் பாட்டன் மூங்கில் கணுவில் அளவு செய்து வைத்திருந்தான். குழாய்க்கு ஒரு கணு. ஒன்றின் அளவை இன்னொன்றுக்குத் தொடவிட மாட்டான்" என்றார்.

மருந்துக்குமேல் செங்கற்பொடி இட்டு மரத்தடியால் இடிக்கும் முறையையும் சொன்னார். இரும்புக் கம்பி கூடாது, பொறி பறக்கும். பிறகு, நாங்கள் சிறுவயதில் கேட்க அஞ்சிய கதையையும் அவரே எடுத்தார். அளவு பிழையில்லை, மருந்து பிழையில்லை. ஒரு திருவிழாவில் சாமி புறப்பட நேரமாகிவிட்டதென்று பெரியவர்கள் அவசரப்படுத்த, சுட்ட குழாய் ஆறுமுன் தந்தையார் மறுபடியும் மருந்திட்டார். உள்ளே ஒரு தணல் மிச்சம் இருந்தது. அவ்வளவுதான்.

பீரங்கிக்காரர்களும் அஞ்சியது இந்தத் தணலுக்கே. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத் துடைப்பானைக் குழலில் விட்டு அணைத்த பிறகே அடுத்த மருந்து. கொச்சியில் 1503-இல் போர்த்துகேயர் கோட்டை கட்டத் தொடங்கிய நாள்முதல் இக்கரைக்கு இந்த வித்தை பழக்கம். இருதரப்பிலும் பழக்கம் என்பதே சரி. போர்த்துகேயக் கப்பலில் வந்த மிலான் நகரத்தார் இருவர் கோழிக்கோட்டில் சாமூதிரியிடம் சேர்ந்து, சிறிதும் பெரிதுமாக நானூறு ஐந்நூறு பீரங்கிகள் வார்த்துத் தந்ததாக, 1505-இல் அவர்களைச் சந்தித்த வர்த்தேமா என்னும் யாத்திரிகர் எழுதியிருக்கிறார். எண்ணிக்கை சற்று மிகையாயிருக்கலாம். 1663-இல் கோட்டை டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1795-இல் ஆங்கிலேயர் பிடித்தனர். 1806-இல் அவர்களே அதை வெடிவைத்துத் தகர்த்தனர். இன்று கோட்டைக் கொச்சியில் இந்தியக் கடற்படையின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளியான துரோணாசார்யா இயங்குகிறது.

பேச்சு புற்றிங்கலுக்கு வந்தது. 2016 ஏப்ரல் 10-ஆம் நாள் விடியுமுன், கொல்லம் மாவட்டத்துப் பரவூரில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்த விபத்து அது. அனுமதியில்லாத போட்டி வாணவேடிக்கை. குளோரேட்டையும் கந்தகத்தையும் கலப்பதை அரசு 1992-இலேயே தடை செய்துவிட்டது. ஓசை பெரிதாக வரும், ஆனால் உராய்ந்தாலே வெடிக்கும் கலவை. தூரத்து ஊரார் கேட்க வேண்டும் என்ற ஆசையில் இன்னும் சிலர் அதைத் தேடுகிறார்கள் என்று சிற்றப்பா வருந்தினார். அங்கே வேகத்துக்கு வரம்பு வைத்து விளையாடுகிறார்கள் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததன் காரணம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. சபரிமலையில் மாளிகைப்புறத்தருகே 2023 ஜனவரியில் கதினா நிரப்பும்போது காயமுற்றவர்களைப் பற்றியும் சொன்னார். காணிக்கைச் சீட்டு கொடுப்பவர் வேறு, மருந்திடுபவர் வேறு.

சித்தி சுடச்சுடப் பத்திரியும் மீன் குழம்பும் பரிமாறினார். அண்டை வீட்டாரிடம் கற்ற பத்திரியாம். அதில் தேங்காய்ப்பால் மணம் தூக்கலாக இருந்தது.

பொழுது சாயும் நேரம். எங்கோ ஒரு கோயிலிலிருந்து கதினா முழங்கத் தொடங்கியது. சிற்றப்பா பேச்சை நிறுத்திவிட்டு விரல்மடித்து எண்ணலானார். அங்கே இருபத்தொன்று போடுவது வழக்கமாம். இடைவெளி ஒரே சீராக இருந்தது. "நல்ல கைக்காரன்" என்று மெல்லச் சொன்னார். மகனும் அவருடன் சேர்ந்து எண்ணினான். இருபது ஆயிற்று. அடுத்தது வரவில்லை.

"தாத்தா, முடிந்துவிட்டதா?"

"இல்லை. ஒன்று உள்ளே நிற்கிறது. யாரும் கிட்டப் போகாமல் இருக்க வேண்டும்."

அவர் எழுந்து வாசற்படியில் போய் நின்றுகொண்டார். மகனும் அருகே நின்றான். நாங்கள் பெட்டிகளைக் கட்டி வைத்து, வண்டி வந்து, விடைபெறும் வரையிலும் இருவரும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.