பத்தாம் எண்ணுக்குரியார்

கேரள பிளாஸ்டர்ஸ் கழகம் 2023ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சஹல் அப்துல் சமத் என்னும் நடுக்கள ஆட்டக்காரரைக் கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்திற்குக் கொடுத்து, அதற்கு ஈடாகப் பிரீதம் கோட்டால் என்னும் தற்காப்பாளரையும் ஒரு தொகைப் பணத்தையும் பெற்றுக்கொண்டது. சஹல் அத்துணைப் பெரிய கழகத்திற்குத் தக்கவர்தாமோ என்று அன்று எழுந்த வழக்கு எம் விடுதியில் இன்றும் தீர்ந்தபாடில்லை. இரவுணவு முடிந்து தட்டுக் கழுவ நிற்கும் வரிசையிலும் அவ்வழக்கு நடக்கின்றது. மறுநாட் காலை நன்னூற் பாடத்தின் இடையே, கடைசி இருக்கையில், அடங்கிய குரலில் மீண்டும் நடக்கின்றது. அதிற் பலகால் வாதாடிய யாம் எம் கருத்தை இம்மலரில் எழுதிவைக்கத் துணிந்தோம்.

திருப்பூரார்க்குக் கேரளக் கழகத்தின்பால் என்ன பற்று என்று வினவுவார் உளர். எம்மூரிலிருந்து கொச்சிக்குள்ள தொலைவு சென்னைக்குள்ள தொலைவில் ஏறக்குறையப் பாதியே. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று மட்டுமன்றிக் கால்பந்தாட்டமும் எம்மூர்க்கு வருகின்றது. உலகக் கோப்பை நடைபெறும் ஆண்டுகளில் மலையாள நாட்டார் விரும்பி அணியும் அர்ஜென்டினாச் சட்டைகளையும் பிரேசில் சட்டைகளையும் தைத்து அனுப்புவன எம்மூர்ப் பனியன் கம்பெனிகள். பகலெல்லாம் ஓவர்லாக் தையலில் அமர்ந்து அச்சட்டைகளுக்குக் கை சேர்த்துத் தைக்கும் இளைஞரே ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு பந்தும் உதைப்பர். சென்னையின் எஃப்.சி. கழகம் 2015இலும் 2017–18இலும் பட்டம் வென்றதாயினும் எம் விடுதியில் அதற்கு அன்பர் சிலரே. யாம் அச்சிலரைச் சேர்ந்தோம். ஆதலின் சஹலைப் பற்றி எம்பால் அளவிறந்த அன்பும் இல்லை, காழ்ப்பும் இல்லை.

நிற்க. நடுக்களத்தில் முன்னின்று தாக்குவார்க்குரிய இடம் யாதென அறியாதார் பொருட்டுச் சில சொல்லுவாம். எதிரணியின் நடுக்கள வரிசைக்கும் தற்காப்பு வரிசைக்கும் இடையே ஒரு குறுகிய வெளி உண்டு. அவ்வெளியில், பெரும்பாலும் இலக்கிற்கு முதுகு காட்டிய நிலையில், பந்தை ஏற்று, நொடிப்பொழுதில் திரும்பி, முன்னே ஓடும் தோழர்க்கு அதனை வழங்கவேண்டியவர் இவர். மரபாக இவர் அணியும் எண் பத்து. முன்னும் பின்னும் எதிரிகள் நெருங்கி வருவர். பந்து காலுக்கு வந்தபின் எண்ணத் தொடங்குவார் அதனை இழப்பது உறுதி.

இவ்வழக்கு எமக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. எம் கல்லூரி அணியிற் பத்தாம் எண் அணிபவர் எம் வகுப்புத் தோழர் ஒருவர்; விடுமுறைதோறும் பனியன் கம்பெனியிற் கட்டிங் மேசையில் வேலை பார்ப்பவர். கடந்த ஆண்டு ஒரு கழகத்தார் நடத்திய தேர்வுக்கு இராப் பேருந்தேறிச் சென்றார். அங்கே வந்து குழுமிய இளைஞர் மிகப் பலர். இவர்க்குக் கிடைத்தது இருபது நிமிடம். அதுவும் ஓர் அணியில் ஆள் குறைந்தமையின் இடப்புறத் தற்காப்பில் நிறுத்தப்பட்டார். மாலையிற் படிக்கப்பட்ட பட்டியலில் அவர் பெயர் இல்லை. திரும்பி வந்தவர் எம்மிடம் கேட்டது ஒன்றே: “நான் அதற்குத் தகுதியில்லாதவன்தானா? உள்ளதைச் சொல்லிவிடு.” படிப்பு முடிந்ததும் கம்பெனி வேலையில் நிலையாக அமர்வதா, இன்னுமொரு தேர்வுக்குச் செல்வதா என்று அவர் முடிவு செய்யவேண்டும், தந்தையார்க்குக் கடனும் உண்டு. தோழமை பற்றிப் பொய் சொல்ல எமக்கு மனமில்லை. அறியாத ஒன்றை உண்மையென்று சொல்லத் துணிவும் இல்லை. ஆகவே அளவுகோல் ஒன்று தேடலாயினோம். சஹலின் ஆட்டங்களை அதற்கென்றே மீண்டும் மீண்டும் பார்த்தோம்.

முதலிற் கைக்குக் கிட்டும் அளவுகோல் கோற்கணக்கு. 2018–19 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் சஹல் அடித்தது ஒரே கோல். அதுவும் எம் சென்னைக் கழகத்திற்கு எதிராக! ஆயினும் அப்பருவத்தில் வளரும் ஆட்டக்காரர்க்குரிய பரிசு அவர்க்கே வழங்கப்பட்டது. கண்ணூரிற் கல்லூரியில் பயின்று பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர் அவர் என்பதை எம் போன்ற மாணவர் மறப்பதற்கில்லை. பரிசளித்தார் கோலை எண்ணவில்லை. பந்து அவர் காலிற் பட்டவுடன் அடங்கும் மென்மையையும், தோளசைத்து எதிரியை ஒருபுறம் போக்கித் தாம் மறுபுறம் திரும்பும் நயத்தையும் கண்டனர் போலும். ஆனால் நயம் என்பதும் கண்ணை மயக்கும் பொருளே. அடுத்த பருவத்திற் பயிற்சியாளராய் வந்த எல்கோ ஸ்கட்டோரி என்னும் டச்சுக்காரர் அவரைப் பலகால் மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் அமர்த்தினார். பின்னர் இவான் வுகோமனோவிச் பயிற்சியளித்த 2021–22 பருவத்தில் சஹல் ஆறு கோல் அடித்தார்; அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை வீழ்த்திய ஒரே கோலும் அவருடையது. ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், அப்பருவத்தில் அவர் பெரும்பாலும் நின்ற இடம் பத்தாம் எண்ணுக்குரிய நடுவிடம் அன்று. பக்கவாட்டில் நின்று, களம் முழுவதும் கண்முன்னே தோன்ற, உள்ளே நுழைந்தார்.

இன்னுமொன்று கண்டோம். அவர்க்குப் பெயர் தேடித்தந்த கோல்கள் பல ஆட்டம் முடியுந் தறுவாயில் விழுந்தவை. 2021 அக்டோபர் 16இல் மாலியில் நேபாளத்திற்கு எதிரான தெற்காசிய இறுதியாட்டத்தின் மூன்றாம் கோல், 2022 சூன் 11இல் கல்கத்தாவில் ஆப்கானிஸ்தானத்தை வென்ற கோல், 2024 ஏப்ரல் 28இல் ஒடிசாவை வெளியேற்றி மோகன் பகானை இறுதியாட்டத்திற்குக் கொண்டுசென்ற கோல் ஆகிய மூன்றும் தொண்ணூறாம் நிமிடத்தை ஒட்டியோ அதனைக் கடந்தோ வந்தவை. களைத்த கால்கள் நடுவே வெளி அகன்றுவிட்ட அந்நேரத்தில் அவ்வெளியைக் கண்டு ஓடி வருவதில் இந்தியர் பலரினும் அவர் வல்லவர். இருபதாம் நிமிடத்தில், எதிரிகள் புதுவலியோடு நெருங்கும்போது, இலக்கிற்கு முதுகு காட்டி நின்று அதனைச் செய்ய இயலுமோ என்பதே உண்மையான வினா. அவ்வினாவிற்கு விடையாகப் போதுமான ஆட்டங்கள் எமக்குக் கிட்டவில்லை. ஏன் கிட்டவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்லுவாம்.

சிலர் நாலைந்து ஆட்டம் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுவர். அன்னார்க்கு யாம் காட்டுவது ரஃபேல் கிரிவெல்லாரோவின் கதை. பிரேசில் நாட்டினராகிய இவர் 2019–20 பருவத்திற் சென்னைக்கு வந்தார். முதல் நான்கு ஆட்டங்களிலும் சென்னைக் கழகம் ஒரு கோலும் அடிக்கவில்லை. அன்று வாக்கெடுத்திருந்தால் அவரை அடுத்த விமானத்தில் ஏற்றியிருப்பர். பயிற்சியாளர் ஜான் கிரகரி விலகி ஓவன் கோயில் வந்தபின், அதே மனிதர், அதே கால்கள், அணியோ வேறாயிற்று. 2020 பிப்ரவரி 1இல் கொச்சியில் ஆறுக்கு மூன்று என்று கேரளத்தாரை வென்ற ஆட்டத்தில் அவர் பங்கு இரண்டு கோல். (எம் விடுதியில் இவ்வெண்களை உரக்கச் சொல்லுதல் இன்றும் அபாயம்.) மார்ச்சு 14இல், காண்பாரின்றி நடந்த இறுதியாட்டத்திற் கல்கத்தா அணியிடம் சென்னை தோற்றது என்பதையும் நேர்மை கருதிச் சொல்லியாகவேண்டும். இருந்தும், பத்தாம் எண்ணுக்குரியார் எவ்வாறு ஆடுவர் என்று எமக்குக் கற்பித்தவர் கிரிவெல்லாரோவே. பந்து வருமுன்னரே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வந்தபின் பெரும்பாலும் ஒரே தொடுகைதான்.

இத்தலைதிருப்பலைப் பொருளாகக் கொண்டு ஆராய்ந்தார் நோர்வே நாட்டில் ஒருவர் உளர். கெயிர் யோர்டெட் என்பது அவர் பெயர். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நடுக்களத்தாரை நோக்கி, பந்தை ஏற்குமுன் சுற்றிலும் மிகுதியாகப் பார்ப்பவர் முன்னோக்கிய வழங்கல்களில் மிகுதியாக வெற்றி பெறுவர் என்று அவர் கண்டார். கேட்டவுடன் எளிதாகத் தோன்றும். ஆனால் தொலைக்காட்சியில் இதனைக் காண முயலுங்கள்! ஒளிப்படக்கருவி பந்தைத் தொடர்ந்தே செல்கின்றது. பந்து வருமுன் அம்மனிதர் என்ன செய்தார் என்பது திரைக்கு வெளியே நிகழ்கின்றது. எம் விடுதி வழக்கறிஞர்கள் அனைவரும் பாதி ஆட்டத்தைக் கண்டு முழுத் தீர்ப்பு எழுதுகின்றனர், யாமுந்தான். இலக்கின் பின்னே நின்று ஓர் ஆட்டக்காரரை மட்டும் தொண்ணூறு நிமிடம் நோக்குவதே வழி.

எம் தமக்கையார் ஒரு பனியன் கம்பெனியிற் செக்கிங் வேலை பார்ப்பவர். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசிக் கோடு என்று நொடிக்குள் கண்டு ஒட்டுச்சீட்டு ஒட்டும் கண் அவருடையது. ஆளை நிறுப்பதும் அவ்வாறு எளிதாக இருப்பின் நன்று என்று யாம் ஒருநாட் சொல்ல, அவர் சிரித்தார். துணியின் குணம் கண்ணுக்குத் தெரியாது, துண்டொன்று வெட்டி, அதிற் சதுரம் வரைந்து, துவைத்து உலர்த்தி அளந்தால்தான் எவ்வளவு சுருங்கும், எப்பக்கம் முறுக்கும் என்று தெரியும் என்றார். அதன்பின் அவர் சொன்னதே எம் நெஞ்சில் நின்றது. கழுத்துக்கு ரிப் துணி, உடலுக்குச் சிங்கிள் ஜெர்சி. ரிப்பை உடலுக்கு வைத்துத் தைத்துவிட்டு, இழுத்து நிற்கின்றதே என்று துணிமேற் குறை சொல்வார் உண்டோ என்று கேட்டார்.

வள்ளுவனார் தெரிந்துதெளிதல் என ஓரதிகாரமும், அதனை அடுத்துத் தெரிந்துவினையாடல் என வேறோரதிகாரமும் வைத்திருப்பதன் நுட்பம் எமக்கு அன்றுதான் விளங்கிற்று. ஆளைத் தேர்வது ஒன்று. தேர்ந்தாரைத் தக்க வினையில் நிறுத்துவது மற்றொன்று. நம் கழகங்கள் முன்னதற்குப் பணத்தைக் கொட்டுகின்றன, பின்னதில் சோம்புகின்றன. இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கியபோது களத்தில் அயல்நாட்டார் அறுவர் ஆடலாம், 2017–18இல் அஃது ஐவராயிற்று, 2021–22இல் நால்வராயிற்று. எண் குறையக் குறைய, அந்நால்வரையும் எவ்விடத்தில் நிறுத்துவது என்பதிற் கழகங்கள் கஞ்சத்தனம் மிகுந்தன. கோலடிப்பார் ஓரிடம், அவர்க்குப் பந்து வழங்கும் பத்தாம் எண் மற்றோரிடம். மோகன் பகானிலேயே சஹல் வந்த காலத்தில் ஹ்யூகோ பூமூ இருந்தார். திமித்ரி பெத்ராத்தோசும் இருந்தார். 2024இற் கிரெக் ஸ்டூவர்ட் வந்து சேர்ந்தார். அவ்விடம் வெறுமையாய் இருந்ததில்லை. நடுவில் நிறுத்தாது, இடப்புறத்திலும் வலப்புறத்திலும், களைப்பு நேரத்திலும் இறக்கிவிட்டு, “இந்தியருட் பத்தாம் எண்ணுக்குரியார் இல்லை” என்பது ரிப் துணிமேற் சொல்லும் குறையை ஒப்பதே.

எம் தீர்ப்பைக் கேட்பார்க்குச் சொல்லுவோம். சஹல் அக்கழகத்திற்குத் தக்கவர். 2023–24இல் லீக் கேடயத்தையும், 2024–25இற் கேடயம், கோப்பை இரண்டையும் வென்ற அணியில் அவர் இருந்தது தற்செயல் அன்று. ஆயினும், தொண்ணூறு நிமிடமும் நடுவில் நின்று அணியைத் தாங்கும் பத்தாம் எண் என அவரை இதுகாறும் கண்டவற்றைக்கொண்டு யாம் சொல்லமாட்டோம். பக்கத்திலிருந்து உள்ளே வருபவராக, பிறர் காணாத வெளியைக் காண்பவராக, அவர் முதல் தரம். கேரள அன்பர் இதனை ஏற்கவில்லை. சென்னைக்காரனின் பொறாமை என்றனர். ஏற்கவேண்டுமென்று யாமும் வற்புறுத்தவில்லை.

தோழர்க்கு விடை சொல்லவேண்டிய கடமை மட்டும் எஞ்சியிருந்தது. நான்கு ஆட்டங்கள், இலக்கின் பின்னே, கையிற் குறிப்பேட்டோடு நின்று அவரை மட்டுமே நோக்கினோம். பந்து வருமுன் அவர் பார்க்கின்றார். நம் அணியிற் பிறர் எவரினும் மிகுதியாகப் பார்க்கின்றார். ஆனால் வலத்தோளின் மேலாக மட்டுமே. இடப்புறமிருந்து வரும் எதிரியிடம் ஆட்டந்தோறும் பந்தை இழக்கின்றார். இழந்தபின் தலை குனிந்து நிற்கும் வழக்கமும் உண்டு. பெரிய கழகங்களில் அது மன்னிக்கப்படாத குற்றம். கடைசி அரைமணியில் அவர் கால் தளர்வதில்லை; மாறாக ஆட்டம் அப்பொழுதுதான் மலர்கின்றது. இவற்றை ஒளியாமல் எழுதி அவர் கையிற் கொடுத்தோம். இரண்டாம் முறை படித்தபின், “இடத்தோளா?” என்று மட்டும் கேட்டார். அன்றுமுதல் மாலைப் பயிற்சியில் யாம் இலக்கின் பின் நின்று “இடம், இடம்” என்று கூவுவதும், அவர் திரும்பிப் பார்ப்பதும் வழக்கமாயின. கழகத்திற்குத் தக்கவர்தாமோ என்பதற்கு ஆம் என்றும் எழுதவில்லை, அன்று என்றும் எழுதவில்லை. அவரும் மீண்டும் அதனைக் கேட்கவில்லை.

அடுத்த தேர்வுக்குரிய விண்ணப்பத்தாள் சென்ற வாரம் வந்தது. முதன்முறை, ஆடும் இடம் என்னும் கட்டத்தில் “எவ்விடமும்” என்று எழுதினாராம். எவ்விடமும் என்றால் எங்கேனும் எடுத்துக்கொள்வர் என்னும் நினைப்பு. இம்முறை நூலக மேசையில் எம் பேனாவை வாங்கி, “நடுக்களம், முன்பக்கம்” என்று மட்டும் எழுதி, மை காயும்வரை காத்திருந்து, உறையிலிட்டு ஒட்டினார்.