கரையாத பிள்ளையாரும் விளாச்சேரி மண்ணும்!

போன வருஷம் விநாயகர் சதுர்த்திக்கு எங்கள் வீட்டுக்குப் பிள்ளையார் வாங்கி வந்தது நான்தான். மதுரையில் எங்கள் ஏரியா சாலையோரக் கடை. தங்க நிறக் கிரீடம், ரோஸ் கலர் உடம்பு, ஒரு சாண் உயரம். "களிமண்தானேண்ணே?" என்று கேட்டேன். "மண்ணுதான்மா" என்றார் கடைக்காரர். நம்பி வாங்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பின்கட்டில் ஒரு வாளித் தண்ணீரில் பிள்ளையாரை இறக்கினோம். கரைந்ததும் செம்பருத்திக்கு ஊற்றுவதாகத் திட்டம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், வாளிக்குள் பிள்ளையார் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்! பெயின்ட் மட்டும் உரிந்து தண்ணீரில் ஏடு மாதிரி மிதந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

அப்பத்தா என்னைத் திட்டவில்லை. பிள்ளையாரை எடுத்துத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, பின்கட்டு மாடத்தில் வைத்தார். "வந்த சாமியை ஒழுங்கா வழியனுப்பத் தெரியலையே நமக்கு" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தை ஒரு வருஷமாக உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்த வருஷம் ஆடி முடிவதற்குள் விளாச்சேரிக்குக் கிளம்பினேன்.

பொம்மைகள் வெயில் காயும் ஊர்

பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து டவுன் பஸ். பசுமலையைத் தாண்டினால் விளாச்சேரி. திருப்பரங்குன்றம் மலை பக்கத்திலேயே கூட வரும். தமிழைச் செம்மொழி என்று அன்றே வாதாடிய பரிதிமாற் கலைஞர் 1870-ல் பிறந்த ஊர் இது. அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம்.

ஆனால், இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் மதுரைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பொம்மைகள்தான். மண்பாண்டத் தொழில் செய்யும் வேளார் குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. ஆவணிக்குப் பிள்ளையார், புரட்டாசிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை. காலண்டரைப் பார்க்கவே வேண்டாம். திண்ணையில் என்ன காய்கிறது என்று பார்த்தாலே எந்த மாதம் என்று தெரிந்துவிடும்.

நான் போன அன்று திண்ணை, வாசல்படி, மொட்டை மாடி எங்கும் பிள்ளையார்கள். வர்ணம் பூசாத மண் நிறத்தில், ஒன்றுபோல வரிசையாக. தெரு முழுக்க முதல் மழை பெய்தது போல ஒரு வாசம்.

ஒரு வீட்டு வாசலில் அச்சில் மண்ணை அழுத்திக்கொண்டிருந்த அக்காவிடம் போன வருஷக் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "நீ வாங்குனது மாவுப் பிள்ளையாரு பாப்பா. அது எப்பிடிக் கரையும்?"

25 வாளித் தண்ணீர் வேண்டும்!

'மாவு' என்று அவர் சொன்னது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை. ஜிப்சத்தைச் சூடுபடுத்தி, அதிலிருக்கும் நீரின் பெரும்பகுதியை வெளியேற்றினால் கிடைக்கும் வெள்ளைப் பொடி அது. தண்ணீர் ஊற்றிக் குழைத்து அச்சில் ஊற்றினால் சீக்கிரமே இறுகி, மறுபடியும் ஜிப்சமாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஜிப்சம் சுமார் 2 கிராம்தான் கரையும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 லிட்டர் வாளியில் 40 கிராம். ஒரு கிலோ எடையுள்ள பிள்ளையார் முழுசாகக் கரைய 25 வாளித் தண்ணீர் வேண்டும்! தண்ணீர் குறைவாக ஓடும் நாளில் வைகையில் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். போதாக்குறைக்கு அந்தப் பளபள பெயின்ட்களில் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் இருக்கலாம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தெர்மாகோல், பிளாஸ்டிக் ஆகியவற்றில் செய்த சிலைகளுக்கு இடமில்லை. 2023-ல் இந்தச் சிலைகளின் விற்பனை தொடர்பான வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்பனைக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆனாலும் சாலையோரம் 'மண்ணுதான்மா' என்ற பதிலோடு அவை வந்து சேர்ந்துவிடுகின்றன.

காரணம் கேட்டால் அக்கா நொந்துகொண்டார். "மாவு பொம்மை உடனே காஞ்சிரும். எடையும் கம்மி, வெடிக்காது. எங்களுக்குக் கண்மாய்ல மண்ணு எடுக்கணும், கல்லு பொறுக்கணும், மிதிக்கணும். செஞ்சு வச்சா வெயிலு வேணும். ரெண்டு நாள் மழை பிடிச்சா ஒரு வாரப் பொழப்பு போச்சு. இவ்வளவும் பண்ணி விலை சொன்னா, 'அங்க பாதி விலைதானே'ன்னு கேக்குறாக."

அவர் கையிலிருந்த வெள்ளை அச்சைக் காட்டி, "இது எதுல செஞ்சதுக்கா?" என்றேன்.

"இது அதே மாவுதான் பாப்பா! ஈர மண்ணுல இருக்கிற தண்ணியை உறிஞ்சிக்கிரும். அதான் பொம்மை ஒட்டாம கழண்டு வருது. அச்சா இருக்கிற வரைக்கும் அது நல்ல பொருளு. அதையே சாமியாக்கி ஆத்துல போட்டாத்தான் வம்பு."

மண் பிள்ளையார் எல்லாம் கரையுமா?

இங்கேதான் எனக்கு இன்னொரு விஷயம் புரிந்தது. மண்ணில் செய்தது என்பதாலேயே கரைந்துவிடாது. சூளையில் சுட்ட மண், பானை மாதிரி. எத்தனை வருஷம் தண்ணீரில் கிடந்தாலும் திரும்பக் களிமண் ஆகாது. கொலு பொம்மையைச் சுட்டு வர்ணம் பூசுவது, அது வருஷக்கணக்கில் இருக்க வேண்டும் என்பதற்காக. கரைக்க வேண்டிய பிள்ளையார், வெயிலில் மட்டும் காய்ந்த பச்சை மண்ணாக இருக்க வேண்டும்.

எனவே, வாங்கும்போது "மண்ணா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "சுட்டதா, சுடாததா?" என்று கேளுங்கள். வர்ணம் பூசாததாகத் தேர்ந்தெடுங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, விரலை ஈரமாக்கி அடிப்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். விரலில் சேறு ஒட்டினால் பச்சை மண்.

வீட்டு அலங்காரத்துக்கு எருக்கம்பூ மாலை, அருகம்புல், மாவிலை, வாழைக்கன்று போதும். ஜிகினா ஒட்டிய பிளாஸ்டிக் குடைக்குப் பதில் காகிதக் குடை, தெர்மாகோல் மண்டபத்துக்குப் பதில் கோலம் போட்ட மனைப்பலகை. கண்ணுக்குக் குன்றிமணி பதித்த பிள்ளையார் என்றால் ஒரு எச்சரிக்கை: அந்த விதை விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரைக்கும் முன் எண்ணி எடுத்துவிடுங்கள்.

அப்பத்தா பார்க்க ஒரு பரீட்சை

சதுர்த்திக்காக ஒரு சாண் பிள்ளையார் வாங்கினேன். காயும்போது காது விரிந்துபோன இன்னொன்றையும் அக்கா கையில் கொடுத்தார். "காசு வேணாம். கரைச்சுப் பாத்துட்டு நம்பு."

கரைக்க அப்பத்தா சம்மதிப்பாரா என்று தயக்கமாக இருந்தது. "பூசை பண்ணி ஆவாகனம் பண்ற வரைக்கும் அது மண்ணுதான், போடு" என்றார். அதே பின்கட்டு, அதே வாளி. இறக்கியதுமே குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. கொஞ்ச நேரத்தில் தும்பிக்கை நழுவியது. அப்பத்தா ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டு வந்தபோது வாளியின் அடியில் சேறு மட்டும்தான் இருந்தது.

அந்தச் சேற்றை அப்படியே தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். களிமண் மேலே படிந்து இறுகினால் தண்ணீர் உள்ளே இறங்காது. தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, சேற்றை மணலும் தொழுவுரமும் கலந்து போடுங்கள். எங்கள் செம்பருத்திக்கு அப்படித்தான் போட்டோம்.

சரி, மாடத்தில் இருக்கும் மாவுப் பிள்ளையாரை என்ன செய்வது? விளாச்சேரியில் கிளம்பும்போது அதையும் கேட்டிருந்தேன். "ஆத்துலயும் போடாத, குப்பையிலயும் போடாத. உடையாமத்தானே இருக்காரு? வீட்டுலயே வச்சுக் கும்பிடு. வருஷா வருஷம் சின்னதா ஒரு மண் பிள்ளையாரை மட்டும் வாங்கிக் கரைச்சிரு" என்றார் அக்கா. ஏற்கெனவே அப்படி ஒரு சிலை வீட்டில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியவில்லை.

அதை அப்பத்தாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் மாடத்தில் வேட்டித் துணி இல்லை. பெயின்ட் உரிந்த பிள்ளையார் குளித்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை அறையில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு செம்பருத்திப் பூ.

"இவரு இங்கேயே இருக்கட்டும். கொழுக்கட்டைதான் இந்த வருஷம் ரெண்டு பேருக்குச் செய்யணும்" என்றார் அப்பத்தா.