பெரிய வூஃபர் எதற்கு?

சொந்தமாக ஸ்பீக்கர் செய்ய இறங்குகிறவர்கள் 12 அங்குலம், 15 அங்குலம் என்று பெரிய வூஃபரைத் தேடிப் போவது பெரும்பாலும் பேஸுக்காகத்தான். ஆசை சரி, காரணம்தான் சரியில்லை. இன்று கிடைக்கும் நல்ல ஆறரை அங்குல வூஃபர் தக்க பெட்டியில் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கிவிடும். மேடைக் கச்சேரிகளுக்கென்று செய்யப்படும் 15 அங்குல வூஃபர்கள் பலவற்றை 100 லிட்டர் பெட்டியில் பூட்டினாலும் அதைவிடக் கீழே போவதில்லை. பெரிய கூம்பின் சிறப்பு அதன் பரப்பில் இருக்கிறது. ஆறரை அங்குலத்தில் அசையும் பரப்பு ஏறத்தாழ 135 சதுர சென்டிமீட்டர். 15 அங்குலத்தில் 850ஐ ஒட்டி வரும். ஒரே சத்தத்துக்குச் சின்னக் கூம்பு 6 மில்லிமீட்டர் ஓட வேண்டிய இடத்தில் பெரியது 1 மில்லிமீட்டர் அசைந்தால் போதும். இருவழி ஸ்பீக்கரில் பேஸைத் தரும் அதே கூம்புதான் பாடகரின் குரலையும் சுமக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் அடி விழும்போது கூம்பு குறைவாக அசைந்தால், அந்த நொடியில் குரல் கலங்காமல் நிற்கும். அதோடு, சின்ன வூஃபர் ஒரு வாட்டுக்கு 87 டெசிபல் தந்தால் பெரியது 97 தரக்கூடும். பத்து டெசிபல் வித்தியாசம் என்றால் ஆம்ப்ளிஃபயரின் வேலை பத்தில் ஒரு பங்காகிறது. ஆக, பெரிய வூஃபரால் வரும் பெரிய லாபம் குரலும் வாத்தியமும் வாழும் நடுப்பகுதியில்தான். அந்த நடுப்பகுதியையே கெடுத்துவிடுகிற தவறும் அங்கேதான் நடக்கிறது.

வழக்கமாகச் செய்வது இதுதான்: 15 அங்குல வூஃபர், மேலே ஓர் அங்குல டோம் ட்வீட்டர், இரண்டுக்கும் நடுவில் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் 2500 ஹெர்ட்ஸில். வூஃபரின் விவரத்தாளில் கோடு 3000 ஹெர்ட்ஸ் வரை போகிறது, ட்வீட்டர் 2000க்கு மேல் தாங்குகிறது, ஆகவே பொருந்தும் என்று கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்தக் கோடு வூஃபருக்கு நேர் எதிரே மைக்கை வைத்து அளந்தது. பக்கவாட்டில் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, 1000 ஹெர்ட்ஸுக்கு 34 சென்டிமீட்டர், 2500க்குப் பதினான்குகூட இல்லை. கூம்பைவிட அலை நீளமாக இருக்கும்வரை ஒலி எல்லாப் பக்கமும் பரவும். அலை குறுகக் குறுக, டார்ச் வெளிச்சம் போல முன்பக்கம் குவியும். 33 சென்டிமீட்டர் விட்டமுள்ள விறைப்பான தட்டு என்று வைத்துக் கணக்கிட்டால், 15 அங்குல வூஃபரின் ஒலி 1000 ஹெர்ட்ஸ் வாக்கில் 90 டிகிரிக்குள் அடங்குகிறது. 2500இல் 35 டிகிரியாகச் சுருங்குகிறது. உண்மையான காகிதக் கூம்பு மேலே போகும்போது முழுதாகச் சேர்ந்து அசையாததால் இதைவிடச் சற்று விரியும்; போக்கு மாறாது. அதே 2500இல் டோம் ட்வீட்டர் ஏறத்தாழ 180 டிகிரிக்கும் பரப்புகிறது. குறுகிக்கொண்டே வந்த ஒலி சட்டென்று அறை முழுக்க விரிகிறது. நேர் எதிரே உட்கார்ந்து அளந்தால் கோடு தட்டையாகத்தான் தெரியும். சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலியில் 2500 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு பள்ளமும் மேலே ஒரு மேடும் இருக்கும்.

ஈக்வலைசர் வைத்துச் சரிசெய்துவிடலாமே என்று கேட்கலாம். முடியாது, அதற்குக் காரணம் எளிது: ஈக்வலைசர் ஓர் அதிர்வெண்ணை ஏற்றினால் எல்லாத் திசையிலும் சேர்த்தே ஏற்றுகிறது. பக்கத்துப் பள்ளத்தை நிரப்பினால் நேர் எதிரே மேடு எழும். பெட்டி செய்து முடித்த பிறகு மாற்றவே முடியாத ஒன்று இந்தப் பரவல். அறைக்குள் அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் மறைத்துவைத்துக் கேட்பவர்களை மதிப்பிடச் சொன்னார். முடிவுகளை 1980களின் நடுவில் வெளியிட்டார். நேர்க்கோட்டில் தட்டையாகவும், பக்கவாட்டில் படிப்படியாக, திடீர் மாற்றமில்லாமல் குறைந்துகொண்டும் போன ஸ்பீக்கர்களே மீண்டும் மீண்டும் உயர்ந்த மதிப்பெண் பெற்றன. சிமெண்ட் சுவரும் மொசைக் தரையுமாக ஒலியைக் கொஞ்சமும் உறிஞ்சாத நம் அறைகளில் இதற்கு இன்னும் அழுத்தம் கொடுக்கத்தான் வேண்டும்.

எனவே கிராஸ்ஓவர் எங்கே என்பதை வூஃபர் எதுவரை பாடும் என்று பார்த்து முடிவுசெய்யக் கூடாது. எந்த இடத்தில் அதன் பரவல் மேலே பாடப்போவதன் பரவலோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். ஆல்டெக் லான்சிங்கின் திரையரங்கு ஸ்பீக்கர்கள் 1940களிலேயே 15 அங்குல வூஃபரோடு, தொண்டையிலிருந்து வாய்வரை விரியும் குழலான ஹார்னைச் சேர்த்து, கிராஸ்ஓவரை 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே வைத்திருந்தன. 1981இல் வந்த ஜேபிஎல் 4430 ஸ்டூடியோ மானிட்டர் இந்தக் கருத்தை வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டது: 15 அங்குல வூஃபர், இரு திசையிலும் 100 டிகிரி பரப்பும் ஹார்ன், இரண்டின் பரவலும் சந்திக்கும் 1000 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர். வீட்டில் செய்கிறவர் இதை அப்படியே எடுக்கும்போது ஒரு சிக்கல் வரும். 90 டிகிரி ஹார்ன் 1000 ஹெர்ட்ஸ் வரை தன் கோணத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதன் வாய் 28 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஹார்னின் தொண்டைக்குப் பின்னால் திருகும், ஒலியை உண்டாக்கும் டிரைவரும் அவ்வளவு கீழே இறங்கியாக வேண்டும். ஓர் அங்குலத் தொண்டை உள்ளவற்றில் பலவற்றுக்கு 1500 ஹெர்ட்ஸ்தான் எல்லை என்று செய்தவர்களே குறிக்கிறார்கள். அது மேடையில் முழு வாட்டில் ஓட்டும்போதுள்ள எல்லை, வீட்டில் ஒன்றிரண்டு வாட்டுக்குக் கொஞ்சம் தளர்த்தலாம். இருந்தாலும் 1000 வரை இறக்கினால் குரல் கரகரக்கும் அபாயம் உண்டு. இந்த இடத்தில் நான் 12 அங்குலத்தின் பக்கம் நிற்கிறேன். அதன் ஒலி 90 டிகிரிக்குக் குறுகுவது 1300 ஹெர்ட்ஸ் வாக்கில். டிரைவர் மூச்சுமுட்டாது, ஹார்ன் கையடக்கமாகும், பெட்டியும் 60, 70 லிட்டரோடு நிற்கும். பரப்பில் 15 அங்குலத்தின் அறுபது சதவீதம் கிடைத்துவிடுகிறது. ஒரு கூடத்துக்கு அது மிகுதியே.

பெரிய கூம்பு கனமானது, மந்தமாக இயங்கும் என்ற பேச்சு ஓயாமல் வருகிறது. கூம்பு கனம்தான், ஆனால் அதைத் தள்ளும் காந்தமும் காயிலும் அதற்கேற்ப வலுவானவை. அதுவுமன்றி, 1300 ஹெர்ட்ஸுக்கு மேல் வூஃபருக்கு எதுவும் அனுப்பப்படாதபோது அந்த எல்லைக்கு மேலான வேகம் அதனிடம் யாருக்கும் தேவையில்லை. மந்தம் என்று காதில் விழுவது பெரும்பாலும் அறையின் அதிர்வு. 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸில் தானாக முழங்கும். எந்த வூஃபரை வைத்தாலும் முழங்கும். மூவழியாகச் செய்தால் என்ன என்ற கேள்வி இதைவிடக் கனமானது. நடுவில் ஒரு மிட்ரேஞ்ச் வைத்தால் பரவலைச் சீராகப் பிணைக்கலாம் என்பது உண்மை. ஆனால் காது மிக நுணுக்கமாகக் கேட்கும் பகுதியில் இரண்டாவது கிராஸ்ஓவர் ஒன்று வந்து உட்காருகிறது. அதைச் சரியாக அமைப்பது முதன்முதலாகச் செய்கிறவருக்குப் பெரும் சுமை. ஹார்ன் என்றாலே காதில் குத்தும் என்பவர்களும் பொய் சொல்லவில்லை. கோயில் திருவிழாக்களின் குழாய் ஸ்பீக்கர் கொடுத்த நினைவு அது. பழைய ஹார்ன்களின் கூர்மையான விளிம்புகளும் திடீர் மடிப்புகளும் ஒலியைச் சிதறடித்தன. 1980களின் இறுதியிலிருந்து ஏர்ல் கெட்டிஸ் போன்றவர்கள் தொண்டையிலிருந்து வாய்வரை மடிப்பில்லாமல் வளையும் வடிவங்களை ஆராய்ந்த பிறகு நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது.

நான் முழுதாக ஒப்புக்கொள்ளும் ஆட்சேபம் ஒன்று உண்டு: இவற்றை அருகில் உட்கார்ந்து கேட்க முடியாது. 12 அங்குல வூஃபரின் மையத்துக்கும் அதன் மேலுள்ள ஹார்னின் மையத்துக்கும் 32 சென்டிமீட்டர் வந்துவிடும். 1300 ஹெர்ட்ஸ் அலை 26 சென்டிமீட்டர்தான். அதனால் நடு அச்சுக்கு மேலும் கீழும் 25 டிகிரி அளவில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். மேசைமேல் வைத்து ஒரு மீட்டரில் கேட்கிறவருக்கு ஆறரை அங்குலமே ஏற்றது. இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி உட்கார இடமுள்ளவர் பெரியதை எடுக்கட்டும். அச்சு காதின் உயரத்தில் இருக்கும்படி பெட்டிக்குக் கால் போட வேண்டும். ஹார்னுக்குள் டிரைவர் பின்தள்ளி இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்: வூஃபரைவிட ஆறரை சென்டிமீட்டர் பின்தங்கினாலே 1300இல் கால் அலை தவறிவிடுகிறது, சேருமிடத்தில் 3 டெசிபல் விழுகிறது. லிங்க்விட்ஸும் ரைலியும் 1976இல் தந்த நாலாம் படிக் கிராஸ்ஓவரோடு டிஜிட்டல் தாமதம் சேர்த்தால் இது எளிதில் தீரும். சேர்ந்ததா என்று பார்க்க ஓர் அளவீட்டு மைக்கும் இலவச மென்பொருளும் போதும். டிரைவரின் இரண்டு ஒயர்களையும் மாற்றிப் போட்டு அளக்கும்போது 1300இல் ஆழமான, இருபுறமும் ஒத்த குழி விழ வேண்டும். குழி மேலோட்டமாகவோ ஒரு பக்கம் சாய்ந்தோ இருந்தால், தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மறுபடி அளக்க வேண்டும்.