வலது பக்கம் வந்து சொல்லுங்க!

டெலிபோனை இடது காதில் வைத்தால் பேச்சு புரியவில்லை. வலது காதில் தெளிவாகக் கேட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், கேட்கும் நரம்பை ஒட்டி ஒரு சிறு கட்டி. "கேன்ஸர் இல்லேம்மா, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். காமா நைஃப் என்று பெயர்தான். கத்தியே கிடையாது, கதிர்வீச்சுதான். ஒரே நாளில் முடிந்தது. கட்டி வளராமல் நின்றாலும், காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். 3 வருஷத்தில் அப்படியே ஆயிற்று.

ஒரு காது போனால், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே தெரியாது. ஹாரன் கேட்டால் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் ரோடைக் கடக்கிறேன். மிக்ஸி ஓடும்போது யாருடனும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. இவர் ஊரில் இல்லாத இரவுகளில், மாமியார் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று வலது காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கிறேன்.

ஒரு கல்யாண வீட்டில், "கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கிறா, என்ன கர்வம்!" என்று பேச்சு வந்தது. அதிலிருந்து, "இடது காது கேட்காது, வலது பக்கம் வந்து சொல்லுங்க" என்று நானே முந்திக்கொள்கிறேன். கண்ணாடி போட வெட்கப்படுகிறோமா என்ன?

சகோதரிகளே, ஒரு காதில் மட்டும் கேட்பது குறைந்தால், அழுக்கு அடைத்திருக்கும் என்று விட்டுவிடாமல் காது டாக்டரிடம் காட்டுங்கள்.