வேட்டைக்காடும் அரண்மனையும்

மைசூருக்குப் போகிறவர்கள் அரண்மனையை ஒரு நாளும் பந்திப்பூர்க் காட்டை மறுநாளும் பார்க்கிறார்கள். வங்கி தருகிற பயணச் சலுகையில் குடும்பத்துடன் போன நானும் அப்படித்தான் பார்த்தேன். ஒன்று கலை, மற்றது இயற்கை என்று மனசு இரண்டு பேரேடு போட்டுக்கொள்கிறது. இரண்டும் ஒரே கணக்கு என்பது என் கட்சி.

பந்திப்பூர் மைசூர் மகாராஜாக்களின் வேட்டைக்காடு. 1941ல் அது வேணுகோபால வனவிலங்குப் பூங்காவின் பகுதியாயிற்று; 1973ல் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தது. ராஜா சுட வேண்டுமானால் மிருகம் இருக்க வேண்டும். மிருகம் இருக்க வேண்டுமானால் மற்றவன் சுடக்கூடாது, உழக்கூடாது. கருணையைவிட இந்த ஏகபோகத்தால்தான் காடு மிஞ்சிற்று. 1972ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வந்து துப்பாக்கியை விலக்கிற்று. வேலி அப்படியே நின்றுவிட்டது.

அரண்மனைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பழைய மர அரண்மனை 1897ல் எரிந்துபோயிற்று. இன்று நாம் பார்ப்பது ஹென்றி இர்வின் வரைந்து 1912ல் கட்டி முடிந்தது. அதில் கொம்பே தொட்டி என்கிற பொம்மை முற்றத்தில் தங்க அம்பாரி இருக்கிறது. எடை சுமார் 750 கிலோ. அதில் தங்கம் எவ்வளவு, இன்றைய விலையில் எவ்வளவு பெறும் என்று கூட்டம் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அதன் அடியில் இருக்கவேண்டிய முதுகைப் பற்றித்தான் நினைப்பு.

அந்த முதுகுகளில் ஒன்றின் பெயர் அர்ஜுனா. 1968ல் காகனகோட்டைக் காட்டில் கெட்டா முறையில் பிடிபட்ட யானை. தாரை தப்பட்டையும் தீவட்டியும் கொண்டு யானைக் கூட்டத்தை விரட்டி, பெருமரங்கள் நட்டு அடைத்த பட்டிக்குள் தள்ளுவது கெட்டா. 1870களில் சாண்டர்ஸன் என்ற அதிகாரி மைசூரில் புகுத்தியது. சமஸ்தானத்து விருந்தாளிகளுக்கு அது ஒரு வேடிக்கையாகவும் இருந்தது. 1971ல் நின்றுபோயிற்று, பிறகு கபினி அணையின் நீர் அந்த இடத்தையே மூடிவிட்டது. அர்ஜுனா 2012லிருந்து 2019வரை எட்டு தசராக்களில் அம்பாரியைச் சுமந்தது. 2023 டிசம்பரில் ஹாசன் மாவட்டத்தில் காட்டு யானை ஒன்றைப் பிடிக்க அதைக் கூட்டிப் போனார்கள். அந்தக் காட்டு யானையிடமே குத்துப்பட்டுச் செத்தது. அரண்மனை வழிகாட்டி சொன்ன கதைக்கும் காட்டு வழிகாட்டி சொன்ன கதைக்கும் இடையில் நடந்து போய்வந்த பிராணி அது.

அதோடு கூட நடந்தவர்கள் ஜேனு குருபர்கள். தடம் பார்த்தவர்களும் யானையைப் பழக்கியவர்களும் அவர்கள். பந்திப்பூரை ஒட்டிய நாகரஹொளேயில் 1970களிலிருந்து அவர்களைக் காட்டைவிட்டு வெளியேற்றினார்கள். பலர் குடகில் காப்பித் தோட்டக் கூலிகளானார்கள். யானையைத் தெரிந்தவன் வெளியே; யானையைப் பார்க்க வந்த நான் ஜீப்பில் உள்ளே.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1860லிருந்து சென்னையில் கப்பலேறிய தமிழர்கள் கரும்பு வெட்டிய நேட்டாலுக்கு வடக்கே ஸூலு நாடு இருந்தது. உலுண்டியில் செட்ஷ்வாயோ மன்னனின் தலைநகரை 1879ல் பிரிட்டிஷ் படை கொளுத்திற்று. அந்தத் தீயில் குடில்களின் களிமண் தரை வெந்து இறுகியதால்தான் பிற்காலத்தில் அவற்றைத் தோண்டிக் கண்டுபிடித்து, ஒரு பகுதியை மறுபடி எழுப்ப முடிந்தது. சூளை பார்த்து வளர்ந்த விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டாம். ஷாகா மன்னன் வேட்டையாடியதாகச் சொல்லப்படும் ஹ்லுஹ்லுவே, இம்ஃபலோஸி காடுகளுக்கு, கொளுத்திய அதே ஆட்சி பதினாறு வருஷம் கழித்து, 1895ல், காவல் போட்டது. தென் ஆப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகம் அங்கேதான் பிழைத்தது. 1960களில் அங்கிருந்துதான் மற்றக் காடுகளுக்குப் போயிற்று. பிழைத்தது நிஜம். அதற்காக நடந்ததை மறக்கவேண்டியதில்லை.

ஸ்ரீமுஷ்ணத்தில் பன்றிதான் சுவாமி. பூவராகர் இடுப்பில் கை வைத்து, உடல் மேற்கே பார்க்க, முகத்தைத் தெற்கே திருப்பி நிற்கிறார். ராஜாக்களும் குதிரை வீரர்களும் வெளியே, நாயக்கர் காலத்து மண்டபத் தூண்களில். அரசனை வாசலிலும் மிருகத்தைக் கர்ப்பக்கிருகத்திலும் வைத்த இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. ஆனால் அது நீடிப்பதில்லை. மக்காச்சோளம் போட்டவர், கோயிலில் சேவித்துவிட்டு நெற்றித் திருமண் அழியாமல் கவுண்ட்டருக்கு வந்து, "ராத்திரி பன்றி பூந்துடுச்சு சார், தவணையைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா" என்கிறார். அவரை முரண்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கும்பிடுகிறதும் நஷ்டப்படுகிறதும் அவரிடம் ஒரே பேரேட்டில் இருக்கின்றன.

நம் பயணக் கட்டுரைகள் ரயில் நேரத்தையும் சாப்பாட்டையும் எழுதி, பிறகு அழகு என்று ஒரு வார்த்தை போட்டு முடித்துக்கொள்கின்றன. மைசூர்க் கல்யாண மண்டபத்துக் கண்ணாடிக் கூரையில் மயில்கள் அழகுதான். பந்திப்பூர்ப் புல்வெளியில் மான் கூட்டமும் அழகுதான். எது மிஞ்சிற்று என்று எழுதுகிறவர், யார் செலவில் மிஞ்சிற்று என்றும் ஒரு வரி எழுதலாம்.