பிரசங்கத்தின் கடைசிப் பக்கம்

மனிதன் தன் நற்கிரியைகளால் அல்ல, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தினாலேயே கடவுளுக்கு முன்பாக நீதிமானாகிறான் என்னும் போதனையை லுத்தரன் சபையின் திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளையும் தடுமாறாமல் ஒப்பித்துவிடும். அதே போதனையை ஞாயிறுதோறும் பிரசங்கபீடத்திலிருந்து, வேறெதுவும் கலவாமல், கேட்பவர் நெஞ்சில் போய்ச் சேரும்படி சொல்வது சபை ஊழியத்திலேயே ஆகக் கடினமான வேலை என்பதை அவ்வேலையில் முதிர்ந்தவர்களே அறிவர். நாவன்மை உள்ள எவரும் பிரசங்கிக்கலாம் என்றும், விசுவாசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது ஒழுக்கத்தைக் கண்டித்துப் பேசத் துணிவில்லாதவர்களின் புகலிடம் என்றும் இப்போது சபைக்குள்ளேயே சொல்லப்படுகிறது. இந்தப் பேச்சு பீடத்தில் நின்று தலை நரைத்த போதகர்களைப் புண்படுத்துவது மட்டுமன்று. அவர்கள் செய்துவந்த வேலை இன்னது என்பதே மறக்கப்பட்டுவிட்டது என்பதற்கு அது சான்றாகவும் நிற்கிறது.

அந்த வேலைக்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று நியாயப்பிரமாணம்: மனிதன் செய்ய வேண்டியதைக் கட்டளையிட்டு, செய்யாததைச் சுட்டி, அவனைக் குற்றவாளியாக நிறுத்தும் வார்த்தை. மற்றொன்று சுவிசேஷம்: கிறிஸ்து அவனுக்காகச் செய்து முடித்ததை அறிவித்து, எதையும் கேட்காமல் மன்னிப்பைக் கொடுக்கும் வார்த்தை. நீதிமானாக்கப்படுதல் என்பது குணம் சிறிது சிறிதாகத் திருந்திவருவதைக் குறிப்பதன்று. குற்றவாளி என்று நிற்பவனைக் கிறிஸ்துவின் நிமித்தம் குற்றமற்றவன் என்று கடவுள் கூறும் தீர்ப்பை அது குறிக்கிறது. அந்தத் தீர்ப்பைப் பெற்றுக்கொள்ளும் வெறுங்கைதான் விசுவாசம். 1515-16-இல் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ரோமர் நிருபத்தை விளக்கிய மார்ட்டின் லூத்தர், தேவநீதி என்பது பாவியைத் தண்டிக்கும் நீதி என்று அஞ்சி நடுங்கிய நிலையிலிருந்து, அது பாவிக்குக் கொடையாக அளிக்கப்படும் நீதி என்ற தெளிவுக்கு வந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டதுதான். 1545-இல், சாவுக்கு முந்திய ஆண்டில், அவரே அதைத் தம் இலத்தீன் நூல்களின் முன்னுரையில் பதிவுசெய்தார். 1530-இன் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை இதைத் தன் நான்காம் பிரிவாக வைத்து, இந்த விசுவாசத்தைப் பிறப்பிப்பதற்காகவே பிரசங்க ஊழியம் ஏற்படுத்தப்பட்டது என்று ஐந்தாம் பிரிவில் உடனே தொடர்கிறது. அந்த வரிசையை ஊன்றிப் பார்ப்பவர் இன்று குறைவு.

இருவகை வார்த்தைகளையும் அறிவது எளிது. ஒரே பிரசங்கத்தில் ஒன்றை மற்றொன்றோடு குழப்பாமல் இரண்டையும் முழு வலிமையோடு பேசுவதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. இதைக் கற்பித்தவர்களுள் சி.எஃப்.டபிள்யூ. வால்தருக்கு இணையானவர் அரியர். 1811-இல் சாக்சனியில் பிறந்து, 1839-இல் அமெரிக்காவில் குடியேறி, 1847-இல் மிசௌரி சினாட் என்னும் லுத்தரன் சபை அமைப்பின் முதல் தலைவரான அவர், எழுபது வயதைக் கடந்த நிலையில், 1884 முதல் 1885 வரை செயின்ட் லூயிஸ் இறையியல் கல்லூரியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நியாயப்பிரமாணத்தையும் சுவிசேஷத்தையும் பகுத்தறிவது பற்றி மாணவர்களுக்கு உரையாற்றினார். அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1897-இல், மாணவர் எடுத்திருந்த சுருக்கெழுத்துக் குறிப்புகளிலிருந்து அவ்வுரைகள் நூலாயின. மொத்தம் 25 கோட்பாடுகள். அவற்றுள் ஐந்தாவது தொடங்கி 21 கோட்பாடுகள், போதகன் இந்த இரண்டையும் எப்படியெல்லாம் குழப்புகிறான் என்பதையே ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டுகின்றன. ஓர் ஆசிரியர் தம் பாடத்தின் பெரும்பகுதியைத் தவறுகளின் விளக்கத்துக்கே ஒதுக்கியிருப்பது, இந்த வேலை எங்கே கெடுகிறது என்பதை அவர் எவ்வளவு நெருங்கி நின்று பார்த்திருந்தார் என்பதைக் காட்டும்.

நெருங்கிப் பார்க்க அவருக்குக் காரணம் இருந்தது. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் படித்த நாள்களில் அவர் ஒரு பக்திக் குழுவில் சேர்ந்திருந்தார். பாவத்தைக் குறித்த பயங்கரத்தை இன்ன அளவு அனுபவித்தவனே உண்மையாக மனந்திரும்பியவன் என்று அங்கே போதிக்கப்பட்டது. எவ்வளவு அழுதாலும் போதுமான அளவு அழவில்லை என்ற ஐயம் அவரை உடலும் உள்ளமும் நலியச் செய்தது. கடைசியில் டிரெஸ்டனிலிருந்து மார்ட்டின் ஸ்டீபன் என்னும் போதகர் எழுதிய ஆறுதல் கடிதமே அவரை மீட்டது. அவர் தேடி அலைந்த துக்கம் ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது, இனி அவருக்கு வேண்டியது கிறிஸ்துவின் மன்னிப்பே என்பதே அக்கடிதத்தின் சாரம். அந்த ஸ்டீபனே பின்னாளில், 1839-இல், ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டின் பேரில் பதவி நீக்கப்பட்டார். இதனால் அந்தக் கடிதம் பொய்யாகிவிடவில்லை. சுவிசேஷம் சொல்பவனுடைய கிரியைகளின்மேல் நிற்பதில்லை என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. ஆயினும் போதகனின் ஆளுமையே பிரசங்கம் என்று எண்ணும் இக்காலத்தில் இதை ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வால்தரின் கோட்பாடுகளுள் இத்தொழிலின் ஆழத்தைத் தொடுவது, விசுவாசத்தையே ஒரு நிபந்தனையாகக் கேட்பதும் சுவிசேஷத்தைக் கெடுப்பதே என்னும் கருத்தாகும். நற்கிரியையை முன்வாசலில் துரத்திய போதகன், விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கிப் பின்வாசல் வழியே உள்ளே அழைத்துவிடுகிறான். இன்னும் உறுதியாக நம்புங்கள், சந்தேகத்துக்கு இடங்கொடாதீர்கள், முழு இருதயத்தோடு உங்களை ஒப்புக்கொடுங்கள் என்று பீடத்தில் முழங்கும்போது, கேட்பவரின் கண் கிறிஸ்துவை விட்டு விலகித் தம் உள்ளத்தையே உற்றுப் பார்க்கத் தொடங்குகிறது. அங்கே காண்பது எப்போதும் போதாததாகவே இருக்கும். திடமனம் உள்ளவர்கள் தங்கள் விசுவாசத்தை மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். நைந்த மனத்தவர்கள், நோய்ப்படுக்கையில் கிடப்பவர்கள், பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்கள், தங்களுக்கு விசுவாசம் இல்லை என்று முடிவுகட்டிக்கொள்கிறார்கள். பின்னவர்களைத் தேற்றுவதற்காகவே இப்போதனை சபைக்குக் கொடுக்கப்பட்டது.

இது பீடத்தில் எப்படி நேர்கிறது என்பதை ஒரு பாடத்தைக் கொண்டு பார்க்கலாம். பழைய லுத்தரன் பாட அட்டவணையில் திரித்துவத் திருநாளுக்குப் பின்வரும் 11-ஆம் ஞாயிறுக்குரிய சுவிசேஷப் பகுதி, லூக்கா 18-ஆம் அதிகாரத்தில் வரும் பரிசேயன், ஆயக்காரன் உவமை. வாரம் இருமுறை உபவாசித்துத் தசமபாகம் கொடுப்பவன் தன் கணக்கைச் சொல்லி நன்றி செலுத்துகிறான். ஆட்சியாளருக்காக வரி தண்டிய ஆயக்காரன் தொலைவில் நின்று இரக்கம் மட்டும் கேட்கிறான். நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்புகிறவன் பின்னவனே. அனுபவமற்ற பிரசங்கி பதினைந்து நிமிடம் இதைச் சரியாக விளக்கிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில், ஆகவே ஆயக்காரனைப்போல் தாழ்மையாய் இருங்கள் என்று முடிக்கிறான். தாழ்மை அங்கே இரட்சிப்பின் விலையாகிவிட, சபையார் தங்களைப் பரிசேயனைப் போலப் படைக்காததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

சற்றுத் தேர்ந்தவன் வேறொரு குழியில் விழுகிறான். ஆயக்காரன் மறுநாள் என்ன செய்தான் என்ற கேள்வி அவனை உறுத்த, அடுத்த அதிகாரத்திலிருந்து சகேயுவை இழுத்துவந்து, பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்ததையும் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தர முன்வந்ததையும் இந்த ஆயக்காரன் தலையில் ஏற்றுகிறான். சகேயுவின் வரலாற்றிலேயே இயேசு அவன் வீட்டில் தங்கப்போவதாக முதலில் அறிவிக்கிறார், கொடை அதற்குப் பின்னரே வருகிறது என்பதையும் அவன் கவனிப்பதில்லை. உவமையோ ஆயக்காரனின் மறுநாளைப் பற்றி வாய் திறப்பதில்லை; அவன் உள்ளத்தில் சமாதானம் உணர்ந்தானா என்றும் சொல்வதில்லை. தீர்ப்பைச் சொல்பவர் இயேசு. அதை அவர் சொல்வது அவனிடமன்று, தங்களை நீதிமான்கள் என்று நம்பியிருந்தவர்களிடம். தேர்ந்த போதகன் அந்தத் தீர்ப்பை எடுத்து, இன்று பின்வரிசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பவரிடம், இது உமக்கு என்று நேராகக் கொடுத்துவிட்டு, அவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்வான். இத்தொழிலில் நிறுத்தக் கற்பதற்குத்தான் அதிக ஆண்டுகள் செல்கின்றன.

அப்படி நிறுத்தினால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற குற்றச்சாட்டு புதியதன்று. 1520-இல் லூத்தர் நற்கிரியைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். விசுவாசத்திலிருந்து பிறக்கும் கிரியைகள் கடவுளுக்கு விலையாகக் கொடுக்கப்படுவதில்லை, அவை தேவைப்படுவது அயலானுக்கே என்பது அவரது போதனையின் உறுதியான பகுதி. யாக்கோபு நிருபம் ஆபிரகாமின் கிரியையைப் பேசுவதைக் காட்டி மடக்க வருபவர்கள், பவுல் எடுத்துக்கொள்வது ஆதியாகமம் 15-இல் ஆபிரகாம் வாக்குத்தத்தத்தை நம்பிய நிகழ்ச்சியை என்றும், யாக்கோபு சுட்டுவது 22-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கைப் பலியிடச் சென்றதை என்றும் பார்த்தாலே போதும்; விசுவாசம் முந்தியது, கிரியை பிந்தியது என்பது விளங்கும். லூத்தரின் மறைவுக்குப் பின் லுத்தரன் இறையியலாளர் கேயோர்க் மாயோர் நற்கிரியைகள் இரட்சிப்புக்கு அவசியம் என்றார். அவரை எதிர்த்த நிக்கோலாஸ் ஃபான் ஆம்ஸ்டார்ஃப், அவை இரட்சிப்புக்குக் கேடு விளைவிப்பவை என்ற எல்லைக்கே போனார். 1577-இன் ஒருமைப்பாட்டு அறிக்கை இரண்டையும் தள்ளியது: நற்கிரியைகள் விசுவாசிக்குக் கடமையானவை, ஆனால் இரட்சிப்புக்குக் காரணமாக அவற்றை உள்ளே கொண்டுவரலாகாது. ஒருவர் சோம்பலுக்கு அஞ்சினார், மற்றவர் தற்பெருமைக்கு அஞ்சினார். அச்சத்தால் பிரசங்கம் செய்பவன் எந்தப் பக்கமும் சாய்வான் என்பதற்கு அந்த இருவரே போதும்.

1895-இல் கிருஷ்ணகிரியில் தமிழ்ப் பணியைத் தொடங்கியது வால்தரின் அதே மிசௌரி சினாடாகும். அதற்கும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முந்தி, 1706-இல், தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு இப்போதனையைத் தமிழில் பிரசங்கிக்கத் தொடங்கிவிட்டார். இத்தகைய முதுசொத்தைப் பெற்ற பீடங்களிலிருந்து இன்று கேட்பது பெரும்பாலும் வெற்றிக்கு வழிகள், ஆசீர்வாதத்துக்குப் படிகள், காணிக்கைக்குப் பலன்கள். சனிக்கிழமை இரவு கைப்பேசியில் இறக்கிய குறிப்பைச் சற்றே மாற்றிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்தக் குறிப்புகளில் கடைசிப் பக்கம் எப்போதும் கட்டளையாகவே இருக்கிறது, ஏனெனில் கட்டளைக்குச் சபையார் யார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. மன்னிப்பை அறிவிப்பதற்கு அவர்களைத் தெரிந்திருக்க வேண்டும்; யார் வீட்டில் சாவு, யார் மனத்தில் பழைய பழி என்பதை வீடு வீடாகப் போய் அறிந்திருக்க வேண்டும். வீடு சந்திப்பைக் கைவிட்ட போதகன் சுவிசேஷப் பிரசங்கத்தையும் சேர்த்தே கைவிட்டவன் ஆகிறான்.

ஆகவே இறையியல் கல்லூரிகளில் பிரசங்கக்கலை கற்பிப்பவர்கள், மாணவனின் குரலையும் கையசைவையும் திருத்துவதற்கு முன், அவன் எழுதிய பிரசங்கத்தின் கடைசிப் பக்கத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். கேட்பவர் இனிச் செய்ய வேண்டியது ஒன்றோடு அது முடிந்தால், மதிப்பெண் இடாமல் திருப்பிக் கொடுத்து, மறுபடி எழுதிவரச் சொல்ல வேண்டும்.